மாமாவின் வெறும் தட்டு

"எல்லார் தட்டுலயும் கிருமி முளைக்குது. என் தட்டுல மட்டும் ஏன் முளைக்க மாட்டேங்குது?"

என் தாய்மாமா இப்படிக் கேட்டபோது நான் அவர் வீட்டுச் சமையலறை மேடையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, கல்லூரி இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைக்காலத்தில் என்னை மாடியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அம்மா கீழே விரட்டுவார், கீழே மாமா வீட்டிலிருந்து அத்தை மேலே விரட்டுவார். மாமாவின் கேள்விக்கு அத்தை யோசிக்காமலே பதில் சொன்னார்.

"இத்தனை வருஷமா அதுங்களைக் கொன்னுக்கிட்டே இருந்தீங்க. இப்ப திடீர்னு வளருன்னு சொன்னா வளருமா? உங்க முகத்தைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்திருக்கும்."

மாமா தேநீரைக் குடித்தார். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே குடித்தார். அவர் எப்போதுமே அப்படித்தான்.

மாமாவைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கேள்வி புரியும். அவர் ஒரு பால் பண்ணைத் தொழிற்சாலையில் தொட்டி கழுவுகிறவர். ஒரு வீட்டின் உயரம் இருக்கும் எஃகுத் தொட்டிகள். பால் காலியானதும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கொதிக்கும் தண்ணீர்க் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆவிக்குள் இறங்கிவிடுவார். அவர் கழுவிய தொட்டியில் விரலை வைத்துத் தேய்த்தால் 'கீச்' என்று சத்தம் வரும். அங்கே எல்லாரும் அவரை 'வெந்நீர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவருடைய வேலைக்காக வந்த பெயர் என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல ஓடுவதால் வந்த பெயர் என்று அத்தைக்குத் தெரியும்.

ஓட்டம் என்றால் சாதாரண ஓட்டம் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையைச் சூடு ஆறுவதற்குள் போட்டுக்கொள்வார். யாராவது கதை சொன்னால் முடிவை இவர் சொல்லிவிடுவார், பெரும்பாலும் தப்பாக. எங்கள் வீட்டில் அவருக்குத் தடை செய்யப்பட்ட ஒரே வேலை தயிருக்கு உறை ஊற்றுவது. பால் பொங்கி இறக்கியதும் அதே கையோடு உறைமோரை ஊற்றிவிடுவார். மறுநாள் பாத்திரத்தைத் திறந்தால் பால் பாலாகவே இருக்கும். "பால் ஆறட்டும்னு ஒரு வார்த்தை சொன்னா இந்த மனுஷனுக்குக் காதுல ஏறாது" என்று அத்தை பாத்திரத்தை என் மூக்கருகே கொண்டுவந்து காட்டுவார், ஏதோ நான் செய்த குற்றம் போல.

இப்படிப்பட்ட மனிதர் நாற்பது வயதைத் தாண்டி ஒரு மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். காரணம் ஒரு கண்ணாடி ஜன்னல்.

தொழிற்சாலையில் தொட்டிக் கூடத்துக்கு எதிரே பரிசோதனை அறை இருக்கிறது. மாமா கழுவிய ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் பஞ்சால் தொட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை அங்கி போட்டவர்கள் நுண்ணோக்கியில் குனிந்து பார்ப்பார்கள். பிறகு ஒருவர் தலையை நீட்டி, "சுத்தம்" என்பார். அவ்வளவுதான். எதைக் கொன்றோம், அது பார்க்க எப்படி இருக்கும் என்று மாமாவுக்கு ஒருநாளும் யாரும் காட்டியதில்லை. "சண்டை போட்ட ஆளை ஒரு தடவையாவது நேர்ல பார்க்க வேண்டாமா?" என்பார் என்னிடம்.

அந்த ஆசை அப்படியே ஆசையாகவே போயிருக்கும். ஆனால் தொழிற்சாலை தானாகவே தொட்டி கழுவும் இயந்திரத்தை வாங்கிவிட்டது. கழுவுகிறவர்களை வெகுதூரத்தில் இருக்கும் கிளைக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். மாமா போனால் அத்தை வேலை பார்க்கும் தையற்கூடத்தை விட்டுவிட்டுக் கூடவே போக வேண்டும், அல்லது இருவரும் இரண்டு ஊரில் இருக்க வேண்டும். இன்னொரு வழியும் இருந்தது. பரிசோதனை அறையில் ஓர் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. சான்றிதழ் படிப்பை முடித்தால் அந்த இடம் மாமாவுக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

மாமா எல்லாப் பாடத்திலும் தேறினார். மைக்ரோபயாலஜி செய்முறைத் தேர்வில் மட்டும் தோற்றார்.

அந்தத் தேர்வு பார்க்கச் சின்ன விஷயம். மூடி போட்ட சிறிய கண்ணாடித் தட்டு ஒன்று கொடுப்பார்கள். அதன் அடியில் கெட்டியாக அகார் என்ற கடற்பாசிக் கூழ் உறைந்திருக்கும், அதுதான் கிருமிக்குச் சாப்பாடு. நுனியில் வளையம் வைத்த கம்பியை நெருப்பில் காட்டி, சோதனைக் குழாயில் இருக்கும் கிருமியைத் தொட்டு, தட்டின் மேல் கோடு கோடாக இழுக்க வேண்டும். மறுநாள் அந்தக் கோடுகளில் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்க வேண்டும். மாமாவின் தட்டைத் தேர்வாளர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது புதுத் தட்டா? நீங்க செஞ்ச தட்டை எடுத்துட்டு வாங்க" என்றாராம்.

மறுதேர்வு ஒன்றுதான் பாக்கி. அதிலும் தோற்றால் காலியிடத்தை வெளியாளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"எனக்கு ஒரு வாத்தியார் வேணும். கண்டவங்க வேண்டாம். முறையாப் படிச்சவங்களா இருக்கணும். நீ தேடு, மருமகளே. நீதான் சும்மா இருக்கே" என்றார் மாமா.

சும்மா இருப்பவளுக்கு அது பெரிய பதவியாகத் தெரிந்தது.

கல்லூரிச் சுவர்களில் ஒட்டியிருந்த டியூஷன் விளம்பரங்களைப் பார்த்து முதலில் பிடித்தவருக்கு நாங்கள் 'கோட்டு சார்' என்று பெயர் வைத்தோம். மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை ஒழுகும் அறையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு முன்னறையில் சுவரே தெரியாத அளவுக்குச் சட்டம் போட்ட பட்டங்கள் தொங்கின. மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். தாவரவியல் இருந்தது. நிர்வாகவியல் இருந்தது. யோகாசனம்கூட இருந்தது.

"சார், மைக்ரோபயாலஜி எங்க மாட்டியிருக்கீங்க?" என்றேன்.

"எல்லாம் உயிருள்ளதைப் பத்தினதுதானேம்மா" என்றார்.

"நிர்வாகமா சார்?"

மாமா என் காலை மிதித்தார். பிறகு தன் கேள்வியைக் கேட்டார். "சார், என் தட்டுல மட்டும் கிருமி முளைக்கல. ஏன் சார்?"

கோட்டு சார் பெருந்தன்மையாகச் சிரித்தார். "முளைக்கலையா? நல்லதுதானே? அவ்வளவு சுத்தம்னு அர்த்தம்!"

அந்தப் பாராட்டு மாமாவுக்குப் பிடித்துவிட்டது. சில வகுப்புகளுக்குப் போனார். நானும் கூடவே போனேன். கோட்டு சார் நுண்ணோக்கி எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஆரம்பித்தார். அடுத்த வகுப்பிலும் அதையே ஆரம்பித்தார். மாமா அவருக்கு முன்னால் ஓடி, "அப்புறம் கிருமியைப் பார்த்தாங்க, அவ்வளவுதானே சார்? கம்பிக்கு வருவோம்" என்பார். கோட்டு சார் கம்பிக்கு வரவே இல்லை. அந்த வீட்டில் கம்பியே இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது ஆள் உண்மையிலேயே மைக்ரோபயாலஜி படித்தவர். நகல் எடுக்கும் கடைக்கு மேல்மாடியில் பயிற்சி மையம் நடத்தினார். வயதில் மாமாவைவிட ரொம்பச் சின்னவர். நான் 'நோட்ஸ் அண்ணன்' என்று சொல்ல, மாமாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். உட்காருவதற்குள் ஒரு கட்டுத் தாளை எங்கள் மடியில் வைத்தார்.

"இதை அப்படியே மனப்பாடம் பண்ணுங்க. பாஸ்."

"எனக்குப் பிராக்டிகல்தான் வரல தம்பி."

"அதுக்கு ஏன் கவலைப்படுறீங்க? பிராக்டிகல்ல எல்லாருக்கும் மார்க் போட்டுடுவாங்க."

"எனக்குப் போடலையே."

"அது எப்படி? எல்லாருக்கும் போடுவாங்களே!"

"எனக்குப் போடல தம்பி."

"உங்களுக்கு மட்டும் எப்படிப் போடாம விடுவாங்க?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்!"

கடைசியில் நோட்ஸ் அண்ணன், தட்டில் கிருமி முளைக்காததற்கான காரணங்கள் என்று அச்சடித்த ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். மாமா அதை வீட்டுக்கு வரும் வழியிலேயே மனப்பாடம் செய்துவிட்டார். கெட்டுப்போன அகார், செத்துப்போன கிருமி, தவறான வெப்பநிலை என்று வாசற்படியில் நின்று ஒப்பித்தார்.

"சரி, இதுல உங்க காரணம் எது?" என்றார் அத்தை.

மாமா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

அன்று அவர் சாப்பிடும்போது அவசரப்படவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. மேலே போய்ப் படுத்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. வாத்தியார்கள் இருக்கும் இடத்தில் வாத்தியாரைத் தேடுவதை விட்டுவிட்டு, தினமும் கிருமி வளர்க்கிறவர்கள் இருக்கும் இடத்தில் தேடினால் என்ன?

மறுநாள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர், "சீட்டு எங்க? என்ன டெஸ்ட்?" என்றார்.

"டெஸ்ட் இல்லைங்க. மைக்ரோபயாலஜி டியூஷன் எடுக்க ஆள் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "மேடம், இங்க ஒரு பொண்ணு உடம்புல எல்லாம் சரியாத்தான் இருக்குதாம், வாத்தியார்தான் இல்லையாம்!" என்று கத்தினார். வரிசையே சிரித்தது. பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர்கூடச் சிரித்தார்.

சத்தம் கேட்டு வெளியே வந்தவர்தான் லேப் அக்கா. முப்பது வயதிருக்கும். கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். அந்தப் பாடத்தில் முதுகலை படித்துவிட்டு, அந்தக் கூடத்திலேயே கிருமி வளர்க்கும் பிரிவில் வேலை பார்ப்பவர்.

"நான் யாருக்கும் பாடம் எடுத்தது கிடையாதும்மா. எனக்குப் பொறுமையும் கிடையாது. வேற இடம் பாரு" என்றார்.

"சரிக்கா. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். எங்க மாமாவோட தட்டுல மட்டும் ஒண்ணுமே முளைக்கல."

திரும்பிப் போனவர் நின்றார். "ஒண்ணுமேன்னா? தப்பான கிருமி, பூஞ்சை, அந்த மாதிரிகூட வரலையா?"

"ஒண்ணுமே இல்லக்கா. கண்ணாடி மாதிரி இருந்துச்சாம்."

"புதுசா செய்யறவங்க தட்டுல வேண்டாததாவது வந்து உக்காருமே..." அவர் யோசித்தார். "உங்க மாமா ஒண்ணு ரொம்பச் சுத்தக்காரரா இருக்கணும். இல்ல ரொம்ப அவசரக்காரரா இருக்கணும்."

"ரெண்டும்தான்க்கா."

அவருடைய முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. புதிரைக் கண்டவரின் ஆசை. "லீவு அன்னிக்கு வரேன். ஒரு தடவைதான். பாடமெல்லாம் எடுக்க மாட்டேன், பார்க்கத்தான் போறேன்."

வருவதற்கு முன் ஒரு கட்டளையும் போட்டார். உருளைக்கிழங்கை வேகவைத்து அந்தத் தண்ணீரை எடுத்து வைக்க வேண்டும். அதில் சர்க்கரையும் அகாரும் கலந்து, குக்கரில் வேகவைத்து, தட்டுகளில் ஊற்ற வேண்டும். வளர்க்கப்போவது ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்தான், வீட்டில் வைத்துச் செய்தால் யாருக்கும் ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார்.

அத்தை உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே புலம்பினார். "கிருமிக்கு விருந்தாம். நான் ஒரு நாள் உருளைக்கிழங்கு வேணும்னு கேட்டா, கடைக்குப் போக நேரமில்லன்னு சொன்ன மனுஷன், இன்னிக்கு ஒரு பை நிறைய வாங்கிட்டு வந்திருக்காரு."

லேப் அக்கா வந்தார். மாமா அவருக்கு நாற்காலியைத் துடைத்தார். பிறகு மேசையைத் துடைத்தார். கையைக் கழுவினார். மறுபடி மேசையைத் துடைத்தார். லேப் அக்காவின் பட்டங்கள் பற்றி நான் விசாரித்து வைத்திருந்ததில் மாமா ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நேராகத் தன் கேள்விக்குப் போனார்.

"மேடம், என் தட்டுல மட்டும் ஏன்..."

"தெரியாது சார்" என்றார் லேப் அக்கா.

மாமா திகைத்துவிட்டார். இதுவரை யாரும் அவருக்கு இந்தப் பதிலைச் சொன்னதில்லை.

"நீங்க செய்யுங்க. நான் பார்க்கறேன். நான் இங்க இல்லன்னு நினைச்சுக்கோங்க."

மாமா ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். கம்பியை நெருப்பில் காட்டினார். அது சிவந்தது. சிவந்ததோ இல்லையோ, சோதனைக் குழாயில் ஈஸ்ட் கலந்து வைத்திருந்த தண்ணீருக்குள் விட்டார். 'சுர்' என்று ஒரு சத்தம். கம்பியை எடுத்துத் தட்டின் மேல் அழகாக இழுத்தார். கோடுகள் அச்சடித்தது போல இருந்தன. நிமிர்ந்து பெருமையாகப் பார்த்தார்.

"இன்னொரு தடவை" என்றார் லேப் அக்கா. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கை குறுக்கே போய்விடாமல் இருப்பதற்காக என்று பிறகு சொன்னார்.

இன்னொரு தடவையும் 'சுர்'.

"சார், இது என்ன சத்தம்?"

"சூடு நல்லா ஏறியிருக்குன்னு அர்த்தம், மேடம். எங்க தொட்டியிலயும் இந்தச் சத்தம் வந்தாத்தான் விடுவேன்."

"கம்பியைச் சூடு பண்றது எதுக்கு?"

"அதுல இருக்கற கிருமியைக் கொல்ல."

"செத்துடுச்சா?"

"கட்டாயம் செத்திருக்கும்."

"அப்புறம் அதே சூட்டோட எங்க விட்டீங்க?"

மாமா விளக்கைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். எல்லாருடைய கதையின் முடிவையும் முந்திக்கொண்டு சொல்கிறவர், தன் கதையின் முடிவுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

"நானே கொன்னுட்டேனா?"

"கொன்னு, அழகாக் கோடு இழுத்து அடக்கமும் பண்ணிட்டீங்க சார்."

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த அத்தை, "தயிர்!" என்று கத்தினார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தயிரும் இதேதான்மா! பால் ஆறட்டும், ஆறட்டும்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். இந்தப் படிப்பை நான் வீட்டுலயே நடத்திட்டு இருந்தேன், இவரு ஃபீஸ் கட்டி ஃபெயிலாகப் போனாரு!"

"அப்போ மத்தவங்களுக்கு மட்டும் எப்படி முளைச்சுது?" என்று மாமா விடாமல் கேட்டார். "அவங்க யாரும் ஒழுங்கா வேலையே செய்ய மாட்டாங்க மேடம். கம்பியைச் சூடு பண்ணிக் கையில வச்சுக்கிட்டு, பக்கத்துல நிக்கறவங்ககிட்டக் கதை பேசிட்டு இருப்பாங்க. நான்தான் வேலையில கண்ணா இருப்பேன்."

லேப் அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "அந்தக் கதைதான் சார் அவங்களைக் காப்பாத்திருக்கு. பேசி முடிக்கறதுக்குள்ள கம்பி ஆறிடுச்சு."

ஒரு தடவைதான் வருவேன் என்றவர் அதற்குப் பிறகும் வந்தார். ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டதால் மட்டும் கை மாறிவிடுவதில்லை. மாமாவால் காத்திருக்க முடியவில்லை. சூடான கம்பியைக் கையில் வைத்துச் சும்மா நிற்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. முதலில் வாயால் ஊதினார். பிறகு விசிறி போலக் காற்றில் ஆட்டினார். அந்தத் தட்டை ஒரு பெட்டியில் வைத்து மூடினோம். திறக்கிற நாள் வந்ததும் மாமா தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"முளைச்சிருச்சு! முளைச்சிருச்சு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். தட்டின் நடுவில் பச்சையாக, ரோமம் ரோமமாக ஏதோ உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மஞ்சளாக ஒன்று. மாமா அதைப் பிறந்த குழந்தையைக் காட்டுவது போல ஏந்திக் காட்டினார். லேப் அக்கா வந்து பார்த்துவிட்டு மூடியைத் திறக்காமலே கீழே வைத்தார்.

"சார், இது நீங்க கூப்பிட்டு வந்தவங்க இல்ல. கதவு திறந்திருக்குன்னு உள்ள வந்தவங்க. ஊதினீங்கல்ல, ஆட்டினீங்கல்ல? அந்தக் காத்துல வந்தது. கம்பியை அசைக்காம வச்சுக்கோங்க. ஆறிடுச்சான்னு சந்தேகம் வந்தா அகாரோட ஓரத்துல லேசாத் தொட்டுப் பாருங்க, சத்தம் வரக்கூடாது. அவ்வளவுதான்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

"அதுதான் மேடம் எனக்கு வராது."

உண்மையில் லேப் அக்காவுக்கும் அது வரவில்லை. மாமா கம்பியோடு நிற்கும்போது இவர் காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பார். எனக்கோ பார்க்கப் பார்க்க முதுகெல்லாம் அரிக்கும். பொறுமை இல்லாத மூன்று பேர் ஒரு கம்பி ஆறுவதற்காகக் காத்திருந்தோம். வழி சொன்னது அத்தைதான்.

"மனசுக்குள்ள பேசுங்க. என்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியது எத்தனையோ பாக்கி இருக்கே, அதை ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே நில்லுங்க."

மாமா முறைத்தார். ஆனால் அடுத்த தடவை அவருடைய உதடுகள் லேசாக அசைவதைப் பார்த்தேன். உறையாத தயிர், வாங்கி வராத உருளைக்கிழங்கு, பாதியில் பிடுங்கிச் சொன்ன கதைகள். இவற்றில் எதைச் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அகாரின் ஓரத்தைத் தொட்டபோது சத்தம் வரவில்லை. அந்தத் தட்டில் ஈஸ்ட் வெள்ளை வெள்ளையாக, கோட்டின் கடைசியில் தனித்தனிப் புள்ளிகளாக வந்தது. மாமா கூப்பாடு போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுதேர்வு அன்று நான் கல்லூரி வராந்தாவில் நின்றேன். பரிசோதனைக் கூடத்தின் கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக மாமாவின் முதுகு தெரிந்தது. கம்பி சிவந்தது. மாமா சிலையாக நின்றார். தேர்வாளர் ஒவ்வொருவராகத் தாண்டி வந்து அவர் பக்கத்தில் நின்றார். கதவு சரியாக மூடாததால் பேச்சு வெளியே கேட்டது.

"என்ன சார் நிக்கறீங்க? மறந்துடுச்சா? சீக்கிரம், சீக்கிரம்! இன்னும் எத்தனை பேர் இருக்காங்க."

மாமாவின் காதில் 'சீக்கிரம்' என்று சொல்வது, ஏற்கெனவே ஓடுகிறவரைப் பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி. அவர் தோள் முன்னால் சாய்ந்தது. கம்பி குழாயை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"பொறுங்க சார். ஆறட்டும்" என்றார் மாமா.

என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அத்தை அங்கே இல்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தட்டுகளைப் பார்க்க எல்லாரையும் வரச் சொன்னார்கள். தேர்வாளர் மாமாவின் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். தலையை ஆட்டிவிட்டு மதிப்பெண் போட்டார். "நல்லா வந்திருக்கு. சரி, கழிவுத் தொட்டியில போடுங்க. எல்லாத்தையும் அவிச்சு அழிச்சுடுவாங்க" என்றார்.

மாமா நகரவில்லை.

"என்ன சார்?"

"இல்ல சார், இப்பத்தான் முளைச்சுது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போடட்டுமா?"

பாதி உலகத்தின் கிருமிகளைத் தன் கையால் வெந்நீரில் அழித்தவர், உள்ளங்கை அகலத் தட்டில் முளைத்த சில புள்ளிகளைத் தொட்டியில் போட மனமில்லாமல் நின்றதை, தேர்வாளரே பிறகு வெளியே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். வெள்ளை அங்கி அவருக்குக் கொஞ்சம் பெரிது. அத்தை ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். அத்தையின் தையற்கூடமும் இங்கேயே, வீடும் இங்கேயே. தொட்டி கழுவும் இயந்திரத்திலிருந்து வரும் பஞ்சை மாமா ரொம்பச் சந்தேகமாகத்தான் வாங்குவாராம். "சுத்தம்" என்று சொல்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பாராம். கிருமி தெரிந்தால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்படுவார் என்பது என்னுடைய ஊகம்.

அத்தை அவர்மேல் இருந்த தடையை நீக்கினார். மாமா பாலை இறக்கி வைத்து, முன்னால் நின்று, உதடுகளை அசைத்துக்கொண்டே காத்திருந்து உறை ஊற்றினார். மறுநாள் தயிர் கட்டியாக உறைந்திருந்தது.

"என்ன சொல்லிக்கிட்டு நின்னீங்க?" என்று அத்தை கேட்டார்.

"நீ சொன்னதைத்தான். என் தப்பை எல்லாம் வரிசையா."

"எல்லாத்தையும் சொல்லி முடிச்சீங்களா?"

"பாதிகூட முடியல, பால் ஆறிடுச்சு."

"மீதிப் பாதிக்கு நாளைக்கும் நீங்களே ஊத்துங்க" என்று அத்தை பாத்திரத்தை மூடினார்.

நான் வாத்தியார் தேடி அலைந்த கதை இவ்வளவுதான். பட்டம் வேண்டும், அதைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். கோட்டு சாரின் சுவரை மறந்துவிடாதீர்கள். ஆனால் பட்டத்தைப் பார்த்த பிறகு, இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறாரா, அல்லது "செஞ்சு காட்டுங்க, பார்க்கறேன்" என்கிறாரா? நோட்ஸ் அண்ணனிடம் பட்டம் இருந்தது. மாமாவின் கையைப் பார்க்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒரு பாடத்தில் தோற்றுவிட்டு, தன் தட்டில் மட்டும் ஏன் முளைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தால், இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் இன்னொருவருக்குச் சொல்லட்டும். கதையை மட்டும் கொடுங்கள், லேப் அக்காவின் முகவரியைக் கேட்காதீர்கள். ஒரு மாமாவே தனக்குப் போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.